வேர்முண்டும் சுங்கானும்

கைத்தொழில் என்பது, உணர்வற்ற ஒரு பொருளின்மீது மனிதன் தன் எண்ணத்தைச் சுமத்துவது என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். களிமண்ணுக்கும் உருக்கிய உலோகத்துக்கும் இக்கருத்து ஓரளவு பொருந்தும், மரத்துக்குப் பொருந்தாது. மரம் ஒரு காலத்தில் உயிரோடு வளர்ந்த பொருள். அது வளர்ந்த திசை, அதன்மேல் அடித்த காற்று, அது கண்ட வறட்சி ஆகிய அனைத்தும் அதன் இழைகளில் பதிந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்க அறியாதவன் கையில் மரம் பிளந்துபோகும். படிக்க அறிந்தவனுக்கோ, எவ்வழி செல்லவேண்டுமென்பதை மரமே காட்டும். இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் சிறு தொழிலொன்று மேனாடுகளில் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் பொருளைச் செய்வது அது. மரத்தினாற் சுங்கான் செய்யும் தொழிலையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

கல்லூரிச் சஞ்சிகையில் புகை பிடிக்கும் கருவியைப் பற்றி ஒரு கட்டுரை எற்றுக்கு என்று நேயர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. புகையிலையின் தீமையை மறைத்து இக்கலையைப் புகழ்வது எமது நோக்கமன்று. அதைப்பற்றி உரிய இடத்திற் கூறுவோம். முதலில் இச்சிறு பொருள் எவ்வாறு பிறக்கின்றதென்பதைக் காண்போம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துக்குரிய செடி. கொலம்பஸ் 1492-இல் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பின்னரே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும், பின்னர் ஹாலந்திலும் வெண்களிமண்ணாற் செய்த சுங்கான்கள் வழக்கத்திற்கு வந்தன. அவை மலிவானவை, ஆனால் எளிதில் உடைவன, கையைச் சுடுவன. பின்னர்த் துருக்கி நாட்டின் எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் அகழ்ந்தெடுக்கும் மெர்ஷாம் என்னும் மென்மையான வெண்கல்லிற் செல்வர்கள் சுங்கான் செய்வித்தனர். அஃது அழகியதாயினும் விலை மிக்கது. கீழே விழுந்தால் உடைவது. உடையாததும் விலை குறைந்ததும் மரமே என்பது எல்லோர்க்கும் தெரிந்திருந்தது. ஆனால் மரத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. சுங்கானின் கிண்ணத்தில் இடப்படுவது தணல். மரமோ தணலுக்கு இரை. செர்ரி முதலிய மரங்களைக் கொண்டும் சுங்கான் செய்தனர். எனினும் அவற்றிற் பல நாளடைவிற் கருகின. வேறு சில வெப்பத்தினால் வெடித்தன. தீயைத் தாங்கும் மரம் ஒன்று வேண்டியிருந்தது.

அத்தகைய மரத்தை மத்தியதரைக் கடலின் கரையோரக் குன்றுகள் அளித்தன. தாவர நூலார் எரிகா ஆர்போரியா என்று பெயரிட்டுள்ள ஒரு புதர் அங்கே வளர்கின்றது. அது பெரும்பாலும் ஓர் ஆள் உயரமோ, இரண்டு ஆள் உயரமோ இருக்கும். இளவேனிற்காலத்தில் சிறு மணிகள் போன்ற வெண்மலர்களைத் திரளாகப் பூக்கும். கார்சிகா, சார்டினியா, இத்தாலியின் தென்பகுதியான கலாப்ரியா, கிரீஸ், வடஆப்பிரிக்காவின் அல்ஜீரியா ஆகிய இடங்களில் இது மிகுதி. பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் ப்ருயேர். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயிற் பிரையர் என மருவிற்று. நம் நீலகிரியிலும் பழனி மலைகளிலும் செக்கச்செவேலெனப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இப்புதரின் சிறப்பெல்லாம் மண்ணுக்குள்ளே இருக்கின்றது. தண்டும் வேரும் சந்திக்கும் இடத்தில், கழலைபோற் பருத்த ஒரு முண்டு உருவாகின்றது. அதை வேர்முண்டு என்று நாம் அழைக்கலாம். அஃது ஒரு நோயன்று. புதரின் காப்பு நிதி. மத்தியதரைக் கடற்கரையிற் கோடை வறண்டது. காட்டுத்தீ அங்கே அடிக்கடி நிகழும். தீயினால் மேலேயுள்ள கிளைகள் எல்லாம் சாம்பலாய்ப் போனாலும், மண்ணுக்குள் இருக்கும் முண்டு சாவதில்லை. அதில் உறங்கும் மொட்டுகளும் சேமித்த உணவும் உள்ளன. மழை பெய்தவுடன் அம்முண்டிலிருந்து புதிய தளிர்கள் எழுகின்றன. மோசே கண்ட முட்செடி எரிந்தும் வேகாதிருந்தது என்று வேதாகமம் கூறும். இப்புதரோ வேகும், வெந்தபின் மீண்டும் தளிர்க்கும். காட்டுத்தீயையும் கோடையையும் வெல்லும்பொருட்டு இயற்கை இறுக்கமாய்க் கட்டிய இந்த முண்டே, சுங்கானின் சிறு தணலையும் தாங்க வல்லதாயிற்று. அது மிகக் கனமானது, நெருங்கிய இழைகளை உடையது, எளிதில் தீப்பற்றாதது.

இதனை முதன்முதலிற் பெருந்தொழிலாக்கிய ஊர், பிரான்சு தேசத்தில் ஜூரா மலைகளின் நடுவே உள்ள செயின்ட் குளோட் ஆகும். புதர் வளரும் கடற்கரைக்கும் அம்மலையூருக்கும் நெடுந்தொலைவு. அங்கே அப்புதரே கிடையாது. பின் ஏன் அவ்வூர்? காரணம் கைப்பழக்கம். செயின்ட் குளோட் பழமையானதொரு திருத்தலம். அங்கு அடங்கிய புனிதரைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்களுக்கு விற்கும்பொருட்டு, ஊரார் பல தலைமுறைகளாக மரத்தில் ஜெபமாலை மணிகளும் சிறு சொரூபங்களும் கடைந்து வந்தனர். கடைசல் தொழிலில் அவர்கள் கை தேர்ந்திருந்தது. 1850களில் வேர்முண்டு அவ்வூருக்கு வந்து சேர்ந்தபோது, ஜெபமாலை கடைந்த கைகளே சுங்கான் கடையவும் தொடங்கின. சில பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இத்தொழிலால் உண்டு வாழ்ந்தனர். இன்று அத்தொழிற்சாலைகளிற் பெரும்பாலானவை மறைந்துவிட்டன, சிலவே எஞ்சியுள்ளன. ஊரின் மற்றொரு பழந்தொழிலாகிய வைரம் தீட்டுதலையும் சேர்த்து, சுங்கான்களுக்கென ஒரு பொருட்காட்சிச் சாலை அங்கே உள்ளது.

வேர்முண்டைச் சுங்கானுக்கு ஏற்றதாக்குவது எளிய காரியமன்று. முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் வளர்ந்த முண்டே பெரும்பாலும் பயன்படும். அதிலும் முதிர்ந்தது மேலும் சிறந்தது. தோண்டுவோர் மண்வெட்டியும் கோடரியும் கொண்டு அதனை அகழ்ந்து, வேர்களையும் கிளைகளையும் வெட்டி நீக்குவர். தோண்டிய முண்டை வெயிலில் இட்டால் உடனே வெடித்துவிடும். ஆதலின் ஈரச்சாக்குகளால் மூடியோ, ஈரமண்ணில் புதைத்தோ காப்பாற்றுவர். பின்னர் மரம் அறுக்கும் வினைஞர் அதனை வாளினாற் பிளப்பர். அவருடைய கண்ணுக்கு இங்கே பெருஞ்சோதனை உண்டு. முண்டின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகியும் சிவந்தும் இருக்கும்; மண்ணையும் கூழாங்கற்களையும் அது வளரும்போதே விழுங்கியிருக்கும். அவற்றையெல்லாம் ஒதுக்கி, குற்றமற்ற துண்டுகளை மாத்திரம் தெரிந்தெடுத்தல் வேண்டும். அத்துண்டுகளைப் பெருங்கொப்பரைகளில் இட்டுப் பல மணி நேரம் கொதிக்க வைப்பர். துவர்ப்பும் சாறும் நீரில் இறங்கிவிடும். மரத்தின் உள்ளிறுக்கமும் தளரும். அதன்பின் நிழலிற் பல மாதங்கள், சிறந்த துண்டுகளாயின் சில ஆண்டுகள், காற்றில் உலரவேண்டும். அவசரப்படுபவர்க்கு இத்தொழிலில் இடமில்லை.

இனி, இக்கலையின் உயிர்நிலையாகிய இழையோட்டத்தைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். வேர்முண்டின் இழைகள், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பரவுகின்றன. இவ்விழைகளை நீளவாட்டில் அறுத்தால், மரத்தின் முகத்தில் நெருப்புச் சுடர்கள் நெருங்கி எழுவன போன்ற நேர்கோடுகள் தோன்றும். அவற்றையே குறுக்காக அறுத்தால், ஒவ்வோர் இழையின் முனையும் ஒரு சிறு புள்ளியாய், பறவையின் கண்போல வட்டமாகத் தெரியும். எனவே ஒரே துண்டில், ஒரு பக்கம் சுடர்க்கோடுகளும் அடுத்த பக்கம் பறவைக்கண்களும் இருப்பது இயல்பு. துண்டுகளும் இருவகை. முண்டின் உட்புறத்தினின்று எடுத்தவை ஒழுங்கற்ற இழையோட்டமுடையவை. அவை சாதாரணச் சுங்கான்களுக்கு உதவும். வெளிப்புறத்தினின்று எடுத்த துண்டுகளில் மேற்பட்டையின் கரடுமுரடான தோல் ஒட்டியிருக்கும். இழைகள் அத்தோலை நோக்கி ஒழுங்காய் விரிந்து செல்லும். கைவினைஞர் விரும்பிக் கேட்பது இவ்விரண்டாம் வகையையே.

தொழிற்சாலைகளில் ஒரு நூற்றாண்டுக் காலம் வழங்கிய முறை யாதெனில், முதலில் துளைப்பது, பின்பு வடிவம் அமைப்பது. இயந்திரம் கிண்ணத்தின் குழியைக் கடைந்து, வெளியுருவையும் அச்சுப்படி கடைந்துவிடும். மரம் எப்படி வளர்ந்ததென்று இயந்திரம் கேட்பதில்லை. ஆயிரம் சுங்கான்கள் ஒரே உருவில் வரும். அவற்றுள் இழையோட்டம் தற்செயலாய் நன்கு அமைந்தவை சிலவே. இதனைக் குறையென்று கூறுதல் தகாது. மலிவான பொருள் பலர்க்கும் கிடைக்கவேண்டுமாயின் இஃதொன்றே வழி. ஆனால் மரத்தினுள் இருந்த அழகு பெரும்பாலும் வீணாயிற்று.

இம்முறைக்கு மாறானதொரு வழி டென்மார்க்கிற் பிறந்தது. அது பிறப்பதற்கு இரண்டாம் உலகப்போர் ஒருவகையிற் காரணமாயிற்று. போர்க்காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வேர்முண்டு வடநாடுகளுக்கு வருவது நின்றது. 1942-இல் பௌல் நீல்சன் என்னும் டேனியர், கிடைத்த பீச் மரத்தைக் கொண்டு சுங்கான் செய்யத் தொடங்கினார். போர் ஓய்ந்தபின் நல்ல மரம் மீண்டும் வந்தது. நீல்சன் தம் சரக்குக்கு 1948-இல் ஸ்டான்வெல் என்று ஆங்கிலச் சாயலுடைய பெயர் சூட்டினார். அக்காலத்தில் கோபன்ஹேகன் நகரில், உடைந்த சுங்கான்களைச் செப்பனிட்டு வாழ்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் 1910-இல் ஸ்வீடனிற் பிறந்த சிக்ஸ்டன் இவார்சன். பிறர் செய்த சுங்கான்கள் எங்கே உடைகின்றன, எங்கே கருகுகின்றன, எங்கே அடைத்துக்கொள்கின்றன என்பதைச் செப்பனிடும் தொழிலே அவருக்குக் கற்பித்தது. நீல்சனுக்காக அவர் புதிய வடிவங்களை வகுத்துக் கொடுத்ததோடு, தம் கைப்படவும் சுங்கான்கள் செய்தார். 2001-இல் அவர் மறைந்தபோது, உலகெங்குமுள்ள சுங்கான் கைவினைஞர்கள் தம் தொழிலுக்குத் தந்தை போன்றவரென்று அவரை மதித்தனர்.

இவார்சன் செய்த மாற்றத்தை ஒரே வாக்கியத்திற் கூறிவிடலாம்: அவர் வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் துண்டை நனைத்து, இழையோட்டம் எங்கே எப்படிச் செல்கின்றதென்று நெடுநேரம் பார்ப்பது. பின் பென்சிலினால் அதன்மேல் உருவத்தை வரைவது. அதன்பின், சுழலும் தட்டில் ஒட்டிய உப்புத்தாளில் துண்டைக் கையாலேயே பிடித்துத் தேய்த்து வெளியுருவை அமைப்பது. உருவம் ஏறக்குறைய முடிந்த பிறகே துளையிடுவது. வழியில் மரம் எதிர்பாராத இழையையோ குற்றத்தையோ காட்டினால், உருவத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள இம்முறையில் இடமுண்டு. முன்னதில் மரம் அச்சுக்குக் கீழ்ப்படிந்தது. பின்னதில் கைவினைஞன் மரத்துக்குக் கீழ்ப்படிகின்றான்.

ஆயினும் இக்கீழ்ப்படிதலுக்கு ஓர் எல்லை உண்டு. சுங்கான் வெறும் சிலையன்று. வேலை செய்யவேண்டிய கருவி. கிண்ணத்தின் குழி ஏறக்குறைய 18 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேரான உருளையாக இருத்தல் வேண்டும். சுற்றிலும் சுவர் போதிய தடிப்புடன் நிற்கவேண்டும். எங்கேனும் மெலிந்தால் அவ்விடம் சுடும், கருகும். தண்டின் வழியே செல்லும் புகைத்துளை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. அது குழியின் அடியில், நட்ட நடுவில் வந்து திறக்கவேண்டும். ஒரு நூலளவு மேலே திறந்தால் அடியில் ஈரம் தேங்கும். வாயிற் கவ்வும் குழலை, கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய ரப்பராகிய எபோனைட்டினால் அரம்கொண்டு அராவிச் செய்வர். அதன் நுனி பல்லுக்கு இதமாய் மெல்லியதாகவும், மரத்தோடு சேரும் இடம் இடைவெளி தெரியாததாகவும் அமையவேண்டும். வெளியே நத்தையும் மீனுமாய் வளைந்து நெளியும் உருவத்துக்குள்ளே, நேரான இத்துளைகள் இரண்டும் பிழையின்றிச் சந்திக்கவேண்டும். உருவத்தை முதலில் அமைத்துவிட்டுப் பின் துளையிடுபவனுக்கு ஒரு கணத் தவறும் பல நாள் உழைப்பைப் பாழாக்கும் என்பதை நேயர் இப்போது உணர்வர்.

மீன் என்றும் நத்தை என்றும் கூறினோம். இயற்கையைத் தழுவிய சுங்கான் என்றவுடன், கழுகின் நகத்தையோ சிங்கத்தின் முகத்தையோ செதுக்கியதென்று எண்ணவேண்டா. அவ்வகைச் செதுக்கு வேலை மெர்ஷாம் கல்லில் நெடுங்காலம் நடந்தது. கல்லுக்கு இழையோட்டமில்லை, ஆதலின் எதையும் செதுக்கலாம். வேர்முண்டிற் பிறக்கும் உருவங்கள் வேறுவகையின. சிக்ஸ்டனின் மைந்தர் லார்ஸ் இவார்சன் வகுத்த ஊதுமீன் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அபாயம் நேர்ந்தால் உடலைப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் கடல்மீனின் பெயர் அதற்கு. உருண்டு திரண்ட அதன் இரு கன்னங்களிலும் பறவைக்கண்கள் நிறைந்திருக்கும். கன்னங்களுக்கு இடையே முதுகிலும் வயிற்றிலும் நேர்கோடுகள் விசிறிபோல விரியும். இவ்வமைப்பைக் கைவினைஞர் மரத்தின்மேல் வரைந்ததில்லை. கண்கள் எங்கே வரவேண்டுமோ அங்கே உருண்டையையும், கோடுகள் எங்கே வரவேண்டுமோ அங்கே விளிம்பையும் வைத்தார், அவ்வளவே. இழையோட்டத்தைப் பின்பற்றிச் சென்றார். முடிவில் ஒரு மீன் கிடைத்தது.

இஃது எவ்வாறு கூடுகின்றது? சங்கும் நத்தையும் நடுவொன்றிலிருந்து வெளிநோக்கி வளர்கின்றன. விதையும் மொட்டும் அவ்வாறே. வேர்முண்டும் நடுவொன்றிலிருந்து வெளிநோக்கி வளர்ந்ததே. வளர்ச்சி முறையில் உறவுடைய பொருள்கள் உருவத்திலும் உறவு காட்டுவதில் வியப்பில்லை. மரத்தின் வளர்ச்சியை உண்மையாய்ப் பின்பற்றுபவன், தேடாமலே சங்கினிடமும் மொட்டினிடமும் சென்று சேர்கின்றான். வெளித்தோற்றத்தைப் பார்த்து நகலெடுப்பவனுக்கும் வளர்ச்சியின் முறையை அறிந்து அதன்வழி நடப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கவிதையிலும் ஓவியத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஆனால் கையிற் பிடித்துப் பார்க்கத்தக்க சான்று ஒரு சிறு மரத்துண்டில் கிடைப்பது அரிது.

குற்றங்களைக் கையாளும் வகையிலும் இக்கலை நமக்குச் சிந்தனை தருகின்றது. எவ்வளவு கவனமாய்த் தெரிந்தெடுத்த துண்டாயினும், பாதி வேலையில் ஒரு கரும்புள்ளியோ மணற்குழியோ வெளிப்படுவதுண்டு. மலிவான சரக்கில் அக்குழியை மக்கினால் அடைத்து, மேலே கருஞ்சாயம் பூசி மறைத்துவிடுவர். நேர்மையுள்ள கைவினைஞர் மறைப்பதில்லை. குழி ஆழமற்றதாயின் அதை நீக்கும்வரை உருவத்தைச் சிறிதாக்குவார். ஆழமாயின் துண்டை எறிந்துவிடுவார். மூன்றாவது வழியும் உண்டு. லண்டனில் ஆல்பிரெட் டன்ஹில் என்பவர் 1910-இல் சுங்கான் பட்டறை தொடங்கினார். 1917-இல், மரத்தின்மீது மணலை வேகமாய்ப் பீய்ச்சியடிக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் கோரினார். மணல் பட்டவுடன் மென்மையான பகுதி தேயும்; கடினமான வளர்ச்சி வளையங்கள் மேடாக நிற்கும். சிப்பியின் முதுகு போன்ற வரிகளுடன், அப்புதர் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்த வரலாறு விரலுக்குத் தட்டுப்படும். பளபளப்பான மேனிக்கு உதவாத துண்டும் இவ்வாறு தனக்குரிய அழகைப் பெற்றது. வேறு சிலர் கிண்ணத்தின் விளிம்பில் மேற்பட்டையின் கரடுமுரடான தோலை நீக்காமலே விட்டனர். கீழே கண்ணாடிபோல் மெருகேறிய மரமும் மேலே மண்ணிலிருந்து வந்தபடியே உள்ள தோலும் ஒரே பொருளில் நிற்பதைக் காணும்போது, இது எங்கிருந்து வந்ததென்பது மறக்க முடியாததாகின்றது.

இக்கலைஞர்களுள் ஸ்வீடன் தேசத்துப் பூ நோர்டு என்பவரைத் தனித்துக் குறிப்பிடல் தகும். அவர் 1941-இற் பிறந்து 2006-இல் மறைந்தார். இளமையில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றினால் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே தம் வேலை முழுவதையும் செய்தார். நாட்டிலஸ் என்னும் கடற்சங்கின் சுருளையும், யானையின் பாதத்தையும், நடனமாதின் ஒயிலையும் நினைவூட்டும் வடிவங்கள் அவரால் புகழ் பெற்றன. இவற்றை இயற்றுவதற்கு இழையோட்டம் முற்றிலும் இசைந்த துண்டு வேண்டும். அத்தகைய துண்டு கிடைக்கும்வரை அவர் காத்திருந்தார், கிடைத்தபின்னும் அவசரப்படவில்லை. ஆதலின் அவர் வாழ்நாளிற் செய்தவை எண்ணிக்கையிற் குறைந்தவை. எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பை அளக்கும் இக்காலத்தில் இது நாம் கருத்தில் வைக்கத்தக்கது.

டென்மார்க்கில் எரிந்த விளக்கு ஜப்பானிலும் ஏற்றப்பட்டது. டோக்கியோ நகரில் 1936 முதல் நடைபெறும் ட்சுகே என்னும் நிலையம், தன் கைவேலைச் சுங்கான்களுக்கு இகேபானா என்று பெயரிட்டது. மலர்களையும் கிளைகளையும் அழகுற அமைக்கும் ஜப்பானியக் கலையின் பெயர் அது. ஹிரோயுகி டொகுடோமி என்னும் கைவினைஞர் 1970களில் டென்மார்க்கிற்குச் சென்று இவார்சனிடம் பயின்று திரும்பினார். இருபுறமும் ஒத்திருப்பதே அழகு என்னும் மேனாட்டு வழக்கத்தைவிட, சிறிது சாய்ந்தும் வளைந்தும் இருப்பதில் உயிரோட்டத்தைக் காண்பது ஜப்பானியர் மரபு. தண்டுக்கு மூங்கிலையும் பயன்படுத்தினர். நெருக்கமான கணுக்களையுடைய மூங்கிலின் அடிப்பகுதியைத் தேர்ந்து, கணுவின் வளைவுக்கேற்பக் கிண்ணத்தின் சாய்வை அமைத்தனர். இங்ஙனம் இரு தாவரங்களின் வளர்ச்சி ஒரு பொருளில் இணைந்தது.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். இத்துணைப் பொறுமையும் நேர்மையும் செலவிட்டுச் செய்த பொருள் எதற்குப் பயன்படுகின்றது? நச்சுப் புகையை உட்கொள்வதற்கு. 1604-இலேயே இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். 1795-இல் ஜெர்மானிய மருத்துவர் சோமெரிங், சுங்கான் பிடிப்போரின் உதட்டிற் புற்றுநோய் மிகுதியாய்த் தோன்றுவதைக் குறித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செய்த ஆராய்ச்சிகள் ஐயத்துக்கு இடமின்றி முடிவு கூறிவிட்டன. சிகரெட்டைப்போல் புகையைச் சுவாசப்பைக்குள் இழுப்பதில்லை, ஆதலின் சுங்கான் தீங்கற்றது என்று சிலர் சொல்வது பொய். உதடு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய உறுப்புகளிற் புற்றுநோயை அதுவும் விளைக்கின்றது. புகையிலையினால் ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், கல்விச் சாலைகளிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கலாகாதென்று விதித்ததும் இதுபற்றியே. கிண்ணம் எவ்வளவு அழகியதாயினும் அதிலுள்ள நஞ்சு அமுதமாகாது.

அங்ஙனமாயின் இக்கலையை நாம் வெறுத்து ஒதுக்கவேண்டுமா? ஒரு பொருளின் பயனும் அதை இயற்றிய திறனும் வேறு வேறு என்பதை வரலாறு காட்டியிருக்கின்றது. ஜப்பானிய அரசு 1876-இல் பொதுமக்கள் நடுவே வாள் தரித்துச் செல்வதைத் தடை செய்தது. வாட்கொல்லர் பலர் பிழைப்பை இழந்தனர். பலர் சமையற் கத்தியும் உழவுக் கருவியும் செய்யத் தொடங்கினர். இரும்பை மடித்து மடித்து அடித்த அறிவு அக்கத்திகளில் வாழ்ந்தது. வாளும் கொலைக்கருவி என்னும் நிலை நீங்கி, கலைப்பொருளாக இன்றளவும் இயற்றப்படுகின்றது. மனிதர் புகையை விடும் நாள் வரவேண்டுமென்றே நாம் வேண்டுகின்றோம். அந்நாளில் சுங்கான் செய்யும் கை என்ன செய்யும் என்பதும் உண்மையான கவலையே. ஒரு திறமை மறைந்துவிட்டால் அதை மீட்பது எளிதன்று. நூல்கள் அதைக் காப்பதில்லை, கைகளே காக்கின்றன. செயின்ட் குளோட் ஊரார் ஜெபமாலையிலிருந்து சுங்கானுக்குச் சென்றனர் என்பதை மறத்தலாகாது. ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு அந்தக் கைப்பழக்கம் ஒருமுறை சென்றதாயின், வேறொரு நற்பொருளுக்கு மீண்டும் செல்ல முடியாதென்று யார் கூறவல்லார்?

மாணாக்கர் இக்கலையினின்று கைக்கொள்ளவேண்டியது சுங்கானை அன்று. கருவியைத் தொடுமுன் துண்டை நனைத்து நெடுநேரம் பார்க்கும் அந்த வழக்கத்தையே கைக்கொள்ளவேண்டும். இரசாயனச் சாலையில் உப்பொன்றை ஆராய்பவர்க்கும், பழைய ஏட்டொன்றைப் படிப்பவர்க்கும், நாளை ஒரு வகுப்பின்முன் ஆசிரியராய் நிற்கப்போகின்றவர்க்கும் அவ்வழக்கம் இன்றியமையாதது. எதிரே இருப்பது எவ்வாறு வளர்ந்ததென்று முதலிற் பார்த்து, அதன்பின் கை வைப்பவன் அதனைப் பிளப்பதில்லை. குற்றம் கண்ட இடத்து மக்கு வைத்து மறைப்பதுமில்லை. சிறு வயது மாணவனொருவனை ஆசிரியர் தம் அச்சிற் கடைந்துவிடலாம். அவனுடைய இழையோட்டம் அறிந்து உருவாக்குவதோ அரிய வேலை. வேர்முண்டு முப்பது ஆண்டுகள் மண்ணுக்குள் வளர்கின்றது. அதனை ஒரு நாளிற் கெடுத்துவிடலாம். நம் கையில் ஒப்படைக்கப்படும் எப்பொருளுக்கும் எவ்வுயிருக்கும் இது பொருந்தும்.